ஒன்பதாம் நம்பர் நெகட்டிவ்

அத்தியாயம் 6

"மாமியாரா?" என்று கேட்டான் ஜூட்சன்.

"மாமியா. ஜப்பான் கேமரா," என்றாள் கேஷிகா. சிரிக்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்பு என்றால் சிரித்திருப்பாள். அப்போது ஜூட்சனின் த்ரீவீலில் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்துபோனவள்தான். அவன் அடிக்கிற ஒவ்வொரு கடிக்கும் பின்சீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். மனசில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று அவன் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்த மாதத்தில்தான் கலியாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினாள். மாப்பிள்ளை றொனால்ட். கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவன். ஜூட்சன் அன்றைக்குப் பத்திரிகையைப் பார்த்து "அச்சு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர் பார்க்கிறான்.

பார்க்கிற இடம் ஹட்டன் பஜாரில் பேக்கரிக்கு மேல்மாடி. யூஜினாவின் துப்பறியும் அலுவலகம். பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். ஜூட்சன் அவருடைய உதவியாளன், சாரதி, சமயத்தில் தலைவலி.

"முழுசா சொல்லுங்க," என்றார் யூஜினா.

கேஷிகா மேசைமேல் கேமராவை வைத்தாள். செங்கல் அளவில் கறுப்பாக இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்துத் தொரையிடம், கலியாணத்துக்குப் போட்ட வளையல் நாலையும் விற்று வாங்கினது. இன்றைய விலைக்கு எட்டு லட்சம் போகும். அதில் பாதி லென்ஸுக்கே.

"போன மாசம் உள்ளுக்கு பூஞ்சணம் பிடிச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லி சுதாகரன் ஸ்டூடியோவுல குடுத்தேன். ரெண்டு நாள் வச்சிருந்தார். அதுக்குப் பொறகு எடுத்த படமெல்லாம் மொகமே தெரியாம கலங்கிப் போச்சு. உள் கண்ணாடிய மாத்திட்டார் மிஸ்."

"எடுக்கையிலேயே தெரியலையா?"

"இதுல லென்ஸ் வழியா பார்க்க மாட்டோம். பக்கத்துல தனியா ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. அதுல எல்லாம் தெளிவாத்தான் தெரியும். லென்ஸ் கெட்டிருந்தா ஃபில்ம் கழுவுன பொறகுதான் தெரிய வரும்."

"எதுக்கு மாத்தணும்? விக்கவா?"

கேஷிகா உதட்டைக் கடித்தாள். "கொழும்புல மலையகப் படக் கண்காட்சி. நானும் குடுத்தேன், அவரும் குடுத்தார். கண்காட்சிப் புத்தகத்துக் கவருக்கு அவரோட படத்த எடுத்திருக்காங்க. அவர் வச்சிருக்கிறது முப்பதாயிரம் பெறாத பழைய கேமரா. அதுல அப்பிடி வராது மிஸ். என் லென்ஸ் மேல அவருக்கு எப்பவும் கண்ணு."

கண்காட்சியை நடத்துகிற இந்திராதேவியிடமும் இதைச் சொல்லிவிட்டாளாம். சும்மா சொன்னால் போதாது, வெளியாள் ஒருவர் விசாரித்து நாலு மணிக்குள் சொல்ல வேண்டும், அதற்குமேல் கவர் அச்சுக்குப் போய்விடும் என்று அந்த அம்மா பதில் சொல்லியிருக்கிறார். களவு உண்மையென்றால் சுதாகரனின் படம் வெளியே போகும். அந்த இடத்துக்குக் கேஷிகாவின் படம் வரும்.

"நாலு மணிக்குப் பொறகு நான் போலீஸ்ல என்ட்ரி போடப் போறேன்," என்றாள். கலங்கின படங்களின் நெகட்டிவ்களை ஒரு உறையில் வைத்துக் கொடுத்தாள். ஹட்டனிலேயே பெரியம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று ஜூட்சனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இங்க இருக்கேன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

அவள் இறங்கிப்போன படியையே பார்த்துக்கொண்டிருந்தான் ஜூட்சன்.

"கழுத்து சுளுக்கிக்கப் போவுது," என்றார் யூஜினா. "வண்டிய எடு."

*

சுதாகரனின் ஸ்டூடியோ இரண்டு தெரு தள்ளி. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் வாசல்வரை வந்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போவதை ஜூட்சனே பார்த்தான்.

"நேத்துலருந்து இப்பிடித்தான்," என்றார் சுதாகரன். ஐம்பது வயது, மெலிந்த ஆள். "ரெண்டு கலியாண ஓடர் போச்சு. பஜார் முழுக்க கள்ளன்னு பேச்சு. நான் வெளிக்கண்ணாடிய தொடச்சு, டோர்ச் அடிச்சுப் பார்த்துக் குடுத்தேன் மிஸ். பூஞ்சணம் ஒண்ணும் இல்ல. உள்ள தெறக்கிறதுக்கு என்கிட்ட சாமானே கெடையாது."

"உங்க கேமராவ காட்டுங்க."

அதுவும் ஜப்பான்தான், ஃபூஜி. அவளுடையதைப் போலவே பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற வகை. ஆனால் லென்ஸ் உடம்போடு ஒட்டினது, கழற்றவே முடியாது. யூஜினா டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது.

"மிஸ், இது லென்ஸ் இல்ல. மழைக்காலத்துல எங்க லயத்து வீட்டுச் சுவரு," என்றான் ஜூட்சன்.

சுதாகரன் கோபிக்கவில்லை. "வாங்கையிலேயே அப்பிடித்தான். நல்லதுக்கு வசதியில்ல."

கவருக்குப் போன படம் சுவரில் தொங்கியது. வேலாயி என்கிற கொழுந்து பறிக்கும் அம்மா. நெற்றியில் கூடைக் கயிறு. பின்னால் பனி. பூஞ்சணத்தாலோ என்னவோ, வெளிச்சம் அவர் முகத்தைச் சுற்றி லேசாகப் பரவிக்கிடந்தது. வேலாயி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. யாரோ கூப்பிட்டதற்கு இதோ இப்போது பதில் சொல்லப்போகிறவர் போலிருந்தார். ஜூட்சன் சொல்ல வைத்திருந்த அடுத்த கடி மறந்துபோயிற்று.

யூஜினா அந்தப் படத்தின் நெகட்டிவை வாங்கி, கேஷிகாவினுடையதன் பக்கத்தில் வைத்தார். சுதாகரனுடையது ஒரு விரற்கடை கூடுதல் நீளம்.

"ஒங்க கேமராவுல ஒரு ரோலுக்கு எத்தன படம்?"

"நீளம் கூட, அதனால எட்டு. அந்தப் பிள்ளையோடதுல பத்து."

"அப்ப இது ஒங்க கேமராவுல எடுத்ததுதான். அவங்க லென்ஸ் இதுக்குள்ள வந்திருக்கவே முடியாது."

"எடுத்துக்கிட்டேன்னு மட்டுமா சொல்றாங்க, வித்துட்டேன்னும் சொல்றாங்களே," என்றார் சுதாகரன். யூஜினா கேஷிகாவின் நெகட்டிவ்களை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

*

அலுவலகத்துக்குத் திரும்பி, ஜன்னல் கண்ணாடியில் கேஷிகாவின் நெகட்டிவ்களை ஒட்டவைத்து, பூதக்கண்ணாடியோடு நின்றார் யூஜினா. ஜூட்சன் பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"மொகத்த விடு. பின்னுக்கு இருக்கிற தேயிலைச் செடியப் பாரு."

பார்த்தான். இலையின் ஓரத்துப் பல் ஒவ்வொன்றையும் எண்ணலாம்போல இருந்தது.

"கெட்ட லென்ஸுக்கு மொகம் எது, செடி எதுன்னு தெரியுமா? எல்லாத்தையும் ஒரே மாதிரித்தான் கெடுக்கும். இது முன்னுக்கு இருக்கிற ஆள விட்டுட்டு, பின்னுக்கு இருக்கிற செடியில போய் கூர்மையா நிக்குது. லென்ஸ யாரும் மாத்தல ஜூட்சன். பார்வ தப்பிப் போயிருக்கு. ஒண்ணு, யாரோ கேமராவோட கூர்மை பிடிக்கிற குறியக் கெடுத்திருக்காங்க. இல்லாட்டி எடுத்த கை."

"யாரோன்னா சுதாகரன் மட்டும் இல்லியே மிஸ். ஒரே வீட்டுல இன்னொரு கேமராக்காரர் இருக்கார். பொண்டாட்டி படம் கொழும்புக்குப் போவுது, இவர் இன்னமும் மாப்பிள்ளைக்கு நாடிய ஒசத்தச் சொல்லிக்கிட்டு இருக்கார். வயிறு எரியாதா?"

"யாருக்கு?"

"றொனால்டுக்கு."

"நான் வேற ஆளோன்னு நெனச்சேன்," என்றார் யூஜினா. "சரி, எண்ணு."

மூன்று மூன்று படமாக வெட்டிய துண்டுகள். முதல் துண்டில் மூன்று. இரண்டாவதில் மூன்று. அடுத்ததில் இரண்டு. கடைசியில் ஒன்று.

"ஒம்போது."

"பத்து இருக்கணும். ஓரத்துல நம்பர பாரு. ஏழு, எட்டு. அடுத்த துண்டுல பத்து. மத்த வெட்டெல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. எட்டுக்குப் பக்கத்துல மட்டும் கோணல். அவசரத்துல, இல்லாட்டி கோவத்துல கத்தரிச்சது. அந்த ஒம்பதாம் நம்பர் வேணும். நீ பொகவந்தலாவைக்குப் போ."

"நான் மட்டுமா?"

"றொனால்ட் மேல ஒனக்கு இருக்கிற பொறாமைக்கு, அந்த வீட்டுல ஊசி விழுந்திருந்தாலும் எடுத்துட்டு வந்திருவ."

*

நோர்வூட் தாண்டி வளைவு வளைவாக ஏறுகிற ரோட்டில் ஜூட்சன் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். றொனால்டை எப்படி மடக்குவது, அவன் முகம் எப்படி வெளிறும், கேஷிகாவிடம் எந்தக் குரலில் சொல்வது. "நான் அப்பவே நெனச்சேன் கேஷி" என்று தொடங்கலாம். இல்லை, ஒன்றும் சொல்லாமல் சும்மா நிற்கலாம். அதுதான் கூட நன்றாக இருக்கும்.

றொனால்ட் வீட்டில் தனியாக, கம்ப்யூட்டரில் யாரோ ஒரு மணப்பெண்ணின் பருவை அழித்துக்கொண்டிருந்தான். "வாங்க ஜூட்சன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த மரியாதையே ஜூட்சனுக்கு எரிச்சலாக இருந்தது.

"உக்கார வரல. ஒம்பதாம் நம்பர் நெகட்டிவ் எங்க?"

மவுஸின் மேலிருந்த விரல் நின்றது. மறுப்பான், சத்தம் போடுவான் என்று ஜூட்சன் எதிர்பார்த்தான். றொனால்ட் தன் போனை எடுத்து, அதன் பின்னுறையை மெல்லக் கழற்றினான். உள்ளே தட்டையாக ஒரு நெகட்டிவ் துண்டு.

"குப்ப வாளியில கெடந்துச்சு. எடுத்து வச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"நான் எடுத்த படம் அது." றொனால்ட் நெகட்டிவின் ஓரத்தைப் பிடித்தபடியே பேசினான். "ரெண்டு வாரத்துக்கு முந்தி மலையில படம் எடுத்துக்கிட்டு இருந்தா. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். ஒண்ணு எடுக்கவான்னு கேட்டேன். அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ள ரெண்டு ரெண்டா தெரியும். ரெண்டு கேஷிகா. வளையத்தத் திருப்பி, ரெண்டு பேரும் ஒரே ஆளா ஆனதும் அமுக்குங்கன்னு சொல்லிக் குடுத்தா. அமுக்கினேன்."

நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்ததால் ஜூட்சனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. றொனால்ட் ஸ்கேன் பண்ணி வைத்திருந்த அதன் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தான்.

திரை முழுவதும் கேஷிகா.

இமை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. மூக்கின் மேல் ஒரு வியர்வைத் துளி. கையில் பிடித்திருந்த சோற்றுப் பெட்டியின் மூடியில் வானம் தெரிந்தது. அத்தனையும் துல்லியம். ஆனால் ஜூட்சன் பார்த்தது அதையல்ல. கேமராவைப் பிடித்திருந்த ஆளை அவள் பார்த்த பார்வையை. ஒன்றையும் மறைக்காத, களைத்த, சொந்தமான பார்வை. மூன்று வருஷம் பின்சீட்டில் உட்கார்ந்து சிரித்தவள் ஒருநாளும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. வண்டிக் கண்ணாடியில் ஆயிரம் தடவை அவள் முகத்தைப் பார்த்தவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

வாயில் ஒரு கடியும் வரவில்லை.

"தெளிவா இருக்கு," என்றான் கடைசியில்.

"ம். லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல. கேமராவுலயும் இல்ல. மத்த ஒம்பதையும் அவ வேணும்னே கலக்கி எடுத்திருக்கா. கழுவி எடுத்ததும் இத மட்டும் வெட்டிப் போட்டுட்டா."

"ரெண்டு வாரமா தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?"

"கேட்டிருந்தா, அதுக்குப் பொறகு என்னைய இந்த மாதிரி பார்ப்பாளா?" றொனால்ட் திரையை அணைத்தான். "அந்த வேலாயி படம் வந்ததுலருந்து அவ அவளா இல்ல. ராப்பகலா அந்தப் படத்தையே போன்ல பெருசாக்கிப் பார்க்குறா. ஆனா நேத்து சுதாகரனோட மகள பஜார்ல பார்த்தேன். கள்ளன் மகள்னு சொல்றாங்கன்னு ஸ்கூலுக்குப் போகலையாம். இன்னைக்குக் காலையிலருந்து யாராவது வந்து கேட்க மாட்டாங்களான்னுதான் உக்காந்திருந்தேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

*

நோர்வூட் பாலத்தில் ஜூட்சன் வண்டியை ஓரங்கட்டினான்.

கீழே ஆறு. மேல்பையில் நெகட்டிவ். ஆற்றில் விட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும். கேஷிகா தப்பித்துக்கொள்வாள். அவளுக்காகச் செய்தான் என்று என்றைக்காவது ஒருநாள் அவளுக்குத் தெரியவும் கூடும். அதைவிட, அந்தப் பார்வை றொனால்டிடம் இல்லாமல் போகும். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், இந்தக் கடைசி எண்ணம்தான் அவனை அங்கே நிறுத்தியது. றொனால்டின் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது என்பதுகூட உடனே ஞாபகம் வரவில்லை.

பின்னால் கொழுந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. ஜூட்சன் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

*

மூன்றே முக்காலுக்குக் கேஷிகா படியேறி வந்தாள். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டதுபோலப் பளிச்சென்று ஒரு சால்வை.

யூஜினா ஏழு, எட்டு இருந்த துண்டை மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் ஒன்பதைத் தள்ளினார். கோணல் வெட்டும் கோணல் வெட்டும் சேர்ந்து மூடிக்கொண்டன. சந்தில் ஒரு மயிர் நுழைய இடமில்லை.

கேஷிகா அந்த வெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"சுதாகரன்கிட்ட போய் வந்ததுக்குப் பொறகு எடுத்த ரோல்," என்றார் யூஜினா. "எட்டாவது கலங்கல். பத்தாவது கலங்கல். நடுவுல ஒங்க வீட்டுக்காரர் எடுத்த ஒண்ணு மட்டும் கண்ணாடி மாதிரி. ஒரே லென்ஸ், ஒரே கேமரா, ஒரே மத்தியானம். மாறினது கை மட்டுந்தான்."

"அவர் வச்சிருந்தாரா?"

"குப்ப வாளியிலருந்து எடுத்து, போனுக்குள்ள."

கேஷிகா ஜூட்சனைப் பார்த்தாள். "நீயா போய் எடுத்துட்டு வந்த? நீ என் பக்கம் நிப்பன்னு நெனச்சுத்தான் இங்க வந்தேன்."

ஜூட்சன் தரையைப் பார்த்தான்.

அவள் உட்கார்ந்தாள். அழவில்லை. வயிற்றுவலிக்காரி பேசுவதுபோல மெதுவாகப் பேசினாள். "நானும் வேலாயி அக்காவ எடுத்தேன் மிஸ். அவருக்கு முந்தியே எடுத்தேன். மொகத்துல ஓடுற ரேகைய எண்ணலாம். கயிறுல பிரிஞ்ச நாரைக்கூட எண்ணலாம். வளையல வித்து வாங்குன லென்ஸ், வேற எப்பிடி இருக்கும். அவரோடதுல பாதி பனி, பாதி பூஞ்சணம். ஆனா அக்கா அதுக்குள்ள இருக்காங்க. என்னோடதுல இல்ல. ஏன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா இன்னொருக்கா போய் எடுத்திருப்பேன். தெரியாததாலதான்..."

யூஜினா போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல இந்திராதேவிக்கு. பொறகு சுதாகரன் கடைக்கு. உள்ளுக்குப் போய் இல்ல, வாசல்ல நின்னு, எதிர்க்கடைக்காரங்களுக்கும் கேட்கிற மாதிரி."

*

சொன்னாள். வாசலில் நின்று, குரல் இரண்டு முறை உடைந்தாலும் முழுதாகச் சொன்னாள். பக்கத்துக் கடையில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுதாகரன் "பரவாயில்ல" என்று சொல்லவில்லை. "என் மகள்கிட்டயும் வந்து சொல்லணும்," என்றார். கேஷிகா தலையாட்டினாள்.

பிறகு, தொழில்காரரின் பழக்கத்தில், அவள் கையிலிருந்த நெகட்டிவை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்டுப் படிக்க அவருக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. பிடித்த கை அப்படியே நின்றது.

"அந்த லென்ஸ்ல இதுவரைக்கும் வந்ததுலயே இதான் படம்," என்றார். "இத ஏன் கொழும்புக்கு அனுப்பல?"

கேஷிகாவின் முகம் மாறியதை ஜூட்சன் பார்த்தான். வெட்கத்துக்கு நடுவே ஒரு கணம் வேறு ஏதோ வந்துபோனது. காலையில் வேலாயி படத்தைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே கூர்மை. இந்தத் தடவை அது றொனால்டை நோக்கி.

"நான் எடுக்கல," என்றாள். "என் வீட்டுக்காரர் எடுத்தது."

*

ஐந்து மணி பஸ் போய்விட்டது. யூஜினா கண்ணைக் காட்ட, ஜூட்சன் வண்டியை எடுத்தான். நோர்வூட் பாலம் வந்தபோது கேஷிகா பின்னாலிருந்து கேட்டாள்.

"நீ நெனச்சிருந்தா கெடைக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"நெனச்சேன்," என்றான் ஜூட்சன்.

இந்தத் தடவை பாலத்தில் நிறுத்தாமல் வண்டியை விட்டான்.

வீட்டு வாசலில் றொனால்ட் நின்றிருந்தான். கேஷிகா இறங்கி, கேமராப் பையை மார்போடு அணைத்தபடி, ஓரடி எடுத்து வைத்துவிட்டு நின்றாள். அவனும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு அவள் பையை நீட்டினாள். சும்மா சுமக்கக் கொடுப்பது போலில்லை. "நாளைக்கு நீங்க எடுங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்," என்றாள். எப்படி எடுத்தீங்க என்று கேட்க முடியாதவளின் குரல் அது. றொனால்ட் பையை வாங்கிக்கொண்டு, மற்றக் கையால் அவள் தோளில் இருந்த சால்வையைச் சரிசெய்தான்.

ஜூட்சன் வண்டியைத் திருப்பினான். கண்ணாடியில் இருவரும் சின்னதாகத் தெரிந்தார்கள். றொனால்ட் ஏதோ சொல்ல, அவள் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை.

தெரியாதது நல்லது என்று நினைத்துக்கொண்டே, வளைவு வரும்வரைக்கும் அந்தக் கண்ணாடியையே பார்த்தபடி ஓட்டினான்.